துரை ஊரில் இல்லாத ஆட்டம்

ஆட்டம் தொடங்கும்போது துரை ஊரில் இருக்கக் கூடாது. கதையாட்டம் நடத்துவது எப்படி என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அவர்கள் கோலாலம்பூரில் குளிரூட்டிய காப்பிக்கடைகளில் உட்கார்ந்து ஆடுகிற பிள்ளைகள். வர்ணம் தீட்டிய பொம்மைகளும் மேசை அகலத்துக்கு வரைபடமும் வைத்திருக்கிறார்கள். துரை என்றால் யார் என்று விழிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து மேனேஜர் என்று சொன்னால், எங்கள் கதையில் தேயிலைத் தோட்டமே இல்லையே என்பார்கள். உங்கள் கதையில் ராஜாவோ மந்திரியோ போலீஸ்காரரோ இருப்பார் அல்லவா, அவரை வெளியூர் அனுப்பிவிட்டு அப்புறம் ஆட்டத்தைத் தொடங்குங்கள் என்பேன். எழுதிக்கொண்டு போவார்கள். அதை நான் எப்படிக் கற்றேன் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் கேமரன் மலையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. என் கணவர் அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் கிராணி, அதாவது ஆபீசில் உட்கார்ந்து கணக்கும் கடிதமும் பார்க்கிறவர். எங்கள் வீடு ரிங்லெட்டுக்கு மேலே, தொழிற்சாலைக்குப் பின்பக்கம். மழை மாதங்களில் மாலை ஆனதும் மூடுபனி வந்து ஜன்னலை ஒட்டி நின்றுவிடும். தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டால் அதற்குள்ளும் அதே மூடுபனிதான். கூரை ஏறி ஏறி ஏரியலைத் திருப்பி, ஒரு நாள் வழுக்கி விழுந்து, என் கணவர் அந்த முயற்சியைக் கைவிட்டார். அதன் பிறகு மாலை நேரத்தில் எனக்கு அவர் முகம், அவருக்கு என் முகம். இருவருமே பொறுமைசாலிகள் இல்லை.

அந்தச் சமயத்தில் பினாங்கில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி ஒரு பெட்டியோடு வந்தான். அவன் விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு மாணவன் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். அக்காவுக்கு இங்கிலீஷ் வரும் என்று அதை என் தலையில் கட்டினான். உள்ளே ஒரு புத்தகமும் சில பகடைகளும் இருந்தன. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். கதை சொல்கிறவர், "குகை வாசலில் நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். அவர்கள் சொல்கிற காரியம் நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. போனவை சண்டைக்கான விதிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் எங்கள் உலகத்தில் கடைசிவரை சண்டை கிடையாது, எல்லாம் பேச்சுவார்த்தைதான்.

பகடைகளில் ஒன்றுக்கு இருபது முகங்கள். பச்சை நிறம், கிட்டத்தட்ட உருண்டை. அதற்கு நெல்லிக்காய் என்று பெயர் வைத்தவர் எங்கள் தோட்டத்துக் கங்காணி. அவர் ஆட வரவில்லை, விசாரிக்க வந்தார். டீச்சர் வீட்டில் ஜூடி, அதாவது சூது, ஆடுகிறார்கள், பகடைச் சத்தம் கேட்கிறது என்று தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்சாம். கொழுந்தெடுக்கும் பெண்களை மேய்ப்பவருக்கு டீச்சரையும் மேய்க்கும் அதிகாரம் உண்டு என்று நினைப்பு. குரங்குக் குல்லாவைக் கழற்றாமலே உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். சூதாட்டம் இல்லை, இதில் யாரும் எதையும் ஜெயிக்கிறதே இல்லை என்று தெரிந்ததும் அவருக்கே பாவமாகப் போய்விட்டது. மறுநாள் ஆட வந்துவிட்டார்.

என் கணவரும் கங்காணியும் போக, மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு லோரி டிரைவர். தொழிற்சாலையில் கட்டும் தேயிலைப் பெட்டிகளை அடிவாரத்துத் தாப்பாவில் இறக்கிவிட்டு, அங்கிருந்து அரிசியும் மாவும் ஏற்றி வருவார். தாப்பா இறக்கம் எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அவரைப் போல் நிதானமாக ஓட்டுகிறவர் அந்த மலையில் இல்லை. அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார்க்காரர்கள் எல்லாரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள், நான் உட்பட.

மூவரும் சேர்ந்த முதல் நாள் புத்தகத்தில் இருந்தபடியே தொடங்கினேன். மலை உச்சியில் ஒரு கோட்டை, உள்ளே நெருப்புக் கக்கும் பாம்பு, வெளியே நீங்கள் மூவரும். குரலைத் தாழ்த்தி, கையை ஆட்டி, வகுப்பில்கூட அப்படி நடித்ததில்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூவரும் என்னையே பார்த்தார்கள். மறுபடி கேட்டேன். கோட்டை தோட்டத்தின் எந்த டிவிஷனில் இருக்கிறது என்று டிரைவர் கேட்டார். நான் அதைச் சட்டை பண்ணவில்லை. பாம்பு உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று மூன்றாவது தடவை கேட்டபோது என் குரல் வகுப்புக் குரலாகிவிட்டது.

"இன்னும் பேரு கூப்பிடலியே, டீச்சர்," என்றார் கங்காணி. "பேரு கூப்பிட்டு, யாரு எந்த மலைக்குப் போவணும்னு சொன்னாத்தானே போலாம்."

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். உனக்கு இந்த மலையில் கொழுந்து, உனக்கு அந்த மலையில் மருந்தடிப்பு என்று சொல்வார்கள். அதன்பின்தான் ஒரு கால் நகரும். மூன்று தலைமுறையாக அப்படி நின்று பழகியவர்கள் நெருப்புக் கக்கும் பாம்பின் முன்னாலும் பெரட்டுக்குக் காத்து நின்றார்கள். போதாததற்கு, நிஜத்தில் கிராணியான என் கணவர் கதையில் ஒரு திருடன் வேஷம் எடுத்திருந்தார். மற்ற இருவரும் அந்தத் திருடனிடம், "ஐயா, போலாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருடன் துரையைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து பெட்டியை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கோபம் ஆறியபோது எனக்கே புத்தி வந்தது. புத்தகத்தைத் தூக்கி அலமாரி மேல் போட்டேன். எங்கள் மலையையே எடுத்துக்கொண்டேன், ஆனால் சாலைகளும் லோரிகளும் வருவதற்கு முந்திய காலத்து மலை. ரிங்லெட் ஆற்றில் பாதி மீனும் பாதி மனுஷியுமாக ஒரு வழக்குரைஞர் இருந்தாள், எங்கள் உலகத்தில் எல்லாம் பேச்சுவார்த்தைதானே. பிரிஞ்சாங்குக்கு மேலே பாசி பிடித்த காட்டில் ஒரு குகைக் கோயில் இருந்தது. அதற்குள் இருந்த மணியை எடுத்து வர வேண்டும் என்பதுதான் கதை. கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ்களை ராத்திரியில் ஏதோ ஒன்று நடுவில் மட்டும் தின்றுவிட்டுப் போனது. எல்லாரும் உட்கார்ந்ததும் முதல் வரி சொன்னேன்: "துரை ஊரில் இல்லை. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு கேட்டது. அடுத்த நிமிஷம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அன்று முதல் ஆட்டம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் நான் நினைத்த பக்கம் போகவில்லை. குகைக் கோயிலுக்காக நான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்த பொறிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. இவர்கள் கியா பார்மிலேயே தங்கி முட்டைக்கோசுக்குக் காவல் இருந்தார்கள். காவல் இருக்கும்போது குளிருமே என்று அடுப்பு மூட்டினார்கள். அடுப்பு மூட்டியதும் பசித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, முட்டைக்கோஸ் பொரியலுக்குத் தேங்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தேங்காய் தேடப் போன இடத்தில்தான் நல்ல கதை கிடைத்தது. இதுவும் நான் சொல்கிற யோசனைகளில் ஒன்று. முடிவை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள், அடுத்த கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள். ஆடுகிறவர்கள் எங்கே போனாலும் அங்கே முன்னால் போய் நில்லுங்கள். கோபம் வந்தால் எழுந்து போய்த் தேநீர் போடுங்கள். நான் அந்த வருஷம் நிறையத் தேநீர் போட்டேன்.

இன்னொன்று கவனித்தேன். வேஷம் எடுக்கச் சொன்னால் ஆட்கள் தங்களுக்குக் கிடைக்காததைத்தான் எடுக்கிறார்கள். நாள் முழுக்க ஆட்களை அதட்டுகிற கங்காணி மந்திரவாதி வேண்டாம், வீரன் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "வேலை வாங்கி வாங்கி அலுத்துப் போச்சு டீச்சர். நான் சும்மா மூட்டை தூக்கிட்டு பின்னால வர்றேன் லா," என்றார். டிரைவர் மாட்டுவண்டிக்காரர் ஆனார். லோரியை எருமை நடக்கிற வேகத்தில் ஓட்டுகிற அந்த மனிதர் மாட்டுவண்டியில் பறந்தார். பள்ளம் வந்தால் தாண்டினார், பாலம் உடைந்திருந்தால் அதையும் தாண்டினார். அவர் கண்கள் அப்போது இருபது வயதுப் பையனின் கண்கள் போல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நெல்லிக்காயை உருட்டச் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் பெரிய எண்ணாக விழும். அப்படியொரு அதிர்ஷ்டம்.

பகடை விஷயத்தில் நான் கறார். யார் உருட்டினாலும் மேசை நடுவில், எல்லார் கண்ணும் பார்க்க உருட்ட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான். நெல்லிக்காயில் ஒன்று விழுந்தால் அந்த ஆளின் கதை முடிந்தது. கரையான் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டு வைத்திருந்தது. அது எனக்கு மிகவும் பிடித்த விதி. விதி என்று ஒன்று இருந்தால்தான் விளையாட்டுக்கு மரியாதை என்று பெரிய பிரசங்கமே செய்திருக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை மாட்டுவண்டி தாப்பா பக்கம் இறங்கியது. தெரிந்த இடங்களை வைத்துக் கதை செய் என்பது என் யோசனைதானே, அதனால் அந்த இறக்கத்தின் வளைவுகளை நிஜச் சாலையில் இருந்தே எடுத்திருந்தேன். பெரிய வளைவு என்று எல்லாரும் சொல்கிற இடம் வந்தது. மூடுபனி, வழி தெரியவில்லை என்று சொன்னேன். திருடனும் மூட்டைக்காரரும் இறங்கி நடக்கலாம் என்றார்கள். டிரைவர் வண்டியை விரட்டினார். நெல்லிக்காயை உள்ளங்கையில் வைத்து ஊதி, உருட்டினார். ஒன்று.

கங்காணி மெதுவாகக் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வழுக்கை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

செத்தவர்தான் முதலில் சிரித்தார். தனக்குக் கொள்ளி வைக்க ஆளில்லையே, வண்டிக்காரன் கல்யாணமே செய்துகொள்ளவில்லையே என்று கவலைப்பட்டார். சரி, மிச்சம் இரண்டு பேர் மேலே போங்கள், குகைக் கோயில் காத்திருக்கிறது என்றேன். கங்காணி பதறிவிட்டார். ஒரே வண்டியில் வந்தவர்கள், தீட்டு இருக்கிறது, பதினாறு கழியாமல் கோயிலுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று கேட்டார். திருடனும் அதை ஒத்துக்கொண்டார். ஆக, அடுத்த வாரம் கதைக்குள் கருமாதி என்று முடிவாயிற்று. வடை போடுவதா, அதிரசமா என்று பேச ஆரம்பித்தார்கள். செத்தவர் தனக்கு உளுந்து வடைதான் வேண்டும் என்றார். நான் தேநீர் போட எழுந்து போனேன்.

அதோடு போயிருக்க வேண்டியது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, மனைவியிடம், "இன்னைக்கு நான் செத்துட்டேன். நம்ம பெரிய வளைவுலதான்," என்று சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி கொழுந்தெடுப்பவள். அதிகம் பேசாதவள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு ஆணியில் தொங்கிய லோரிச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் லோரி தொழிற்சாலை வாசலில் அப்படியே நின்றது. டிரைவர் வயிற்று வலி என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமையும் வயிற்று வலி. கட்டிய தேயிலைப் பெட்டிகள் குவிந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை காலையிலும் வண்டி நகரவில்லையென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று துரை சொன்னதாக என் கணவர் வந்து சொன்னார். நிஜத்துரை, ஊரில் இருக்கிற துரை. லோரி போனால் டிரைவர் திரும்பவும் பூச்சிமருந்து அடிக்கிற தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். அந்த லோரிக்காக அவர் எத்தனை வருஷம் கிளீனராகத் தொங்கிக்கொண்டு போனார் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

சனிக்கிழமை பிற்பகல் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்துப் பதிலுக்குக் கத்தத் தயாராக நின்றேன். கத்தவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "அவர எழுப்பிக் குடுங்க டீச்சர்," என்றாள்.

அது வெறும் விளையாட்டு என்று விளக்கினேன். கதையில் செத்தது வேறு ஆள், ஒரு மாட்டுவண்டிக்காரன் என்றேன். பகடை என்பது பிளாஸ்டிக் என்றேன். வகுப்பில் மக்குப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வெளையாட்டுன்னா மாத்திக் குடுங்க. மாத்த முடியாதுன்னா அது வெளையாட்டு இல்ல."

பயிற்சிக் கல்லூரியில் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. இன்றுவரை கதையாட்டம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பகடையில் விழுந்ததைக் கதைசொல்லி கமுக்கமாக மாற்றலாமா, கூடாதா என்று. அவள் அதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் மாற்றிவிடு, ஒன்று விழவில்லை, பகடை மேசை விளிம்பில் பட்டது, செல்லாது என்று சொல்லிவிடு என்றார் என் கணவர். நானும் கிட்டத்தட்ட இறங்கி வந்துவிட்டேன். டிரைவர்தான் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பொய்யா எழுப்பினா அவ கண்டுபிடிச்சிருவா டீச்சர். அப்புறம் சாவி ஜென்மத்துக்கும் கெடைக்காது," என்றார். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவரை எழுப்புவதென்றால் ஆட்டத்துக்குள் போய்த்தான் எழுப்ப வேண்டும். அதுவும் அவள் கண் முன்னால். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட வரும்படி அவளிடம் சொன்னேன். திங்கட்கிழமைக்கு முன்னால் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

வந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டி, யார் வீட்டுப் பெண்ணையோ கேட்டு வந்தவள் போல் வந்தாள். முந்தானை முடிச்சில் சாவி புடைத்துத் தெரிந்தது. என்ன வேஷம் எடுக்கிறாய் என்று கேட்டேன், மந்திரக்காரி, வீரப்பெண், நாட்டியக்காரி என்று அடுக்கினேன். "நான் நானாவே வர்றேன்," என்றாள். அப்படி ஒரு வேஷம் புத்தகத்தில் இல்லை. இருந்த பக்கத்தைக் கரையான் தின்றிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பாசி பிடித்த காட்டுக்கு மேலே, செத்தவர்கள் இருக்கிற இடம் என்று தொடங்கினேன். ராத்திரியெல்லாம் யோசித்தும் எனக்கு வேறு எந்த இடமும் தோன்றவில்லை. அதுவும் ஒரு தோட்டமாகத்தான் இருந்தது. மூடுபனியில் வரிசையாகத் தேயிலைச் செடிகள். களத்தில் செத்தவர்கள் பெரட்டுக்கு நிற்கிறார்கள். வண்டிக்காரரும் நிற்கிறார், தலையில் கட்டோடு. டிரைவர் தன்னையறியாமல் தலையைத் தொட்டுக்கொண்டார். அந்தத் தோட்டத்துத் துரை எமன்.

"எமன் ஊரில் இல்லை," என்றேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

ஆபீசில் அந்த ஊர்க் கிராணி மட்டும்தான் இருந்தார். அவருக்கு என் கணவர் ஆபீசில் பேசுகிற குரலைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினேன், பேனாவைத் தட்டினேன், இன்று முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றேன். கங்காணி சிரிப்பை அடக்க முடியாமல் குல்லாவைக் கடித்துக்கொண்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, அதாவது அந்தக் கிராணியைப் பார்த்து, என் வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்றாள். துரை கையெழுத்து இல்லாமல் யாரையும் வெளியே விட முடியாது, துரை வர நாளாகும் என்றேன். அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"தொரை இல்லாம வெளிய விட முடியாதுன்னா, தொரை இல்லாம எப்படி உள்ள சேத்தீங்க?"

கங்காணி துள்ளி எழுந்தே விட்டார். இது நியாயம், புது ஆளைத் துரை பார்க்காமல் பெரட்டில் பெயர் கூப்பிட முடியாது, பெயர் கூப்பிடாத ஆள் அந்தத் தோட்டத்து ஆளே இல்லை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரிதான் என்றார். எல்லாத் தோட்டத்துக்கும் இதுதான் நடைமுறை என்று நிஜக் கிராணியும் சாட்சி சொன்னார், என் பக்கம் பார்க்காமல். நல்ல வாதம்தான். ஆனாலும் நான் நான்தானே. வாதம் சரி, இருந்தாலும் அந்த ஊர்க் கிராணி பயந்தாங்கொள்ளி, விடுவாரா மாட்டாரா என்பது சந்தேகம்தான், உருட்டுங்கள், பத்துக்கு மேலே விழுந்தால் வண்டிக்காரர் வருவார் என்று நெல்லிக்காயை அவளிடம் நீட்டினேன்.

டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பகடையை வாங்கி, இரண்டு கையிலும் பொத்தி, குலுக்கி, மேசை நடுவில் போட்டாள். அது உருண்டுகொண்டிருக்கும்போதே, தேநீர் குடித்து முடித்த எனாமல் குவளையை எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டு நின்றது.

எடுங்கள், பார்க்க வேண்டும் என்றேன். எல்லார் கண்ணும் பார்க்க வேண்டும் என்பது விதி என்றேன். அவள் கையைக் குவளை மேலிருந்து எடுக்கவில்லை.

"நான் கொழுந்தெடுக்கிற மலையில இருந்து பாத்தா, லோரி பெரிய வளைவு வரைக்கும்தான் தெரியும் டீச்சர். அதுக்கு அப்புறம் மலை மறைச்சிரும். அந்தப் பக்கம் தெனம் என்னா விழுதுன்னு யாரு பாத்தா? பாக்காமத்தான் சாயங்காலம் வந்து அடுப்பு மூட்டுறேன். இதையும் பாக்க வேணாம்."

சொல்லிவிட்டு முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சாவியை எடுத்துக் கணவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் சாவியை எடுக்காமல் ஜன்னலைப் பார்த்தார். எனக்குக் கண் கரித்தது, அதை மறைக்கக் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

கங்காணி என்னைப் பார்த்தார். என் கணவரும் பார்த்தார். என்ன முடிவு, வண்டிக்காரர் வந்துவிட்டாரா இல்லையா, நான்தான் சொல்ல வேண்டும். அன்று முதல் நாள் பாம்பின் முன்னால் காத்து நின்ற அதே பார்வை. துரை ஊரில் இல்லை என்று வாராவாரம் சொல்லிக்கொண்டு, துரையாக நானேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஒருத்தி மட்டும் என்னைக் கேட்கவில்லை. கணவரை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். நான் முடிவைச் சொல்லாமல் தேநீர் போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள்.

குவளை மட்டும் கவிழ்ந்தபடி இருந்தது. திறக்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டுகளை அதைச் சுற்றி வைத்தோம். திங்கட்கிழமை விடிந்ததும் லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் அன்று நான் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, பிள்ளைகளுக்கும் இருக்காது. மாலையில் மழை பிடித்துக்கொண்டது. இருட்டப் போகிற நேரத்தில் தொழிற்சாலைத் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. அவர் அங்கே ஹாரன் அடிக்கிற வழக்கமே இல்லை. பக்கத்து வீட்டில் அடுப்பில் விறகு வைக்கும் சத்தம் கேட்டது.

இனிமேல் பார்த்தால் என்ன என்று குவளையைத் தூக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை.

என் ஒரே இருபது முகப் பகடை. மலேசியா முழுக்கத் தேடினாலும் கிடைக்குமோ கிடைக்காதோ. அவள்தான் எடுத்திருப்பாள் என்று மழையில் குடைகூட இல்லாமல் லோரியிடம் போனேன். டிரைவர் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்தியின் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் சின்ன உருண்டையாக ஒன்று முடிந்து தொங்கியது. மேலே குங்குமம் வைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், உள்ளே என்ன என்று நானும் கேட்கவில்லை என்றார். அந்த முடிச்சைப் பார்த்தேன். கொழுந்து மூட்டை கட்டுகிற முடிச்சு, அவ்வளவு லேசில் அவிழாது. மழையில் நனைந்துகொண்டு சண்டை போட வந்தவள், சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு ஒரு டப்பாவில் எண் எழுதிய காகிதத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அவளும் ஆட வர ஆரம்பித்தாள், அவளாகவே. அடுத்த ஆட்டத்தில் வண்டிக்காரர் எழுந்து வந்திருந்தார். கருமாதிக்குச் சொன்ன வடையைக் கங்காணி வீட்டிலிருந்து நிஜமாகவே கொண்டு வந்திருந்தார், அதைச் செத்தவரே தின்றார். மாட்டுவண்டி மறுபடி தாப்பா பக்கம் இறங்கியது. மறுபடி பெரிய வளைவு, மறுபடி மூடுபனி. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் கண்ணில் பழைய வேகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "எறங்கி, மாட்டப் புடிச்சிக்கிட்டு நடக்குறாரு. நானும் கூட நடக்குறேன்."

கங்காணி டப்பாவை எடுத்துக் குலுக்கி என்னிடம் நீட்டினார். அதை வாங்கி மேசைக்குக் கீழே வைத்தேன். இதற்குக் குலுக்க வேண்டாம், நடந்து போங்கள் என்றேன்.